அரசுக் கடன் என்றால் யாருடைய பணம்? தொழில் செய்யும் பெண்களுக்கு ஓர் எளிய விளக்கம்

வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் தொழில் செய்கிற பெண்களிடம் அரசுக் கடன் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அதெல்லாம் ஆள் தெரிஞ்சவங்களுக்குத்தான் கிடைக்கும்." இன்னொன்று, "கவர்மென்ட் காசுதானே, கட்டலைன்னா என்ன பண்ணிடுவாங்க?" இரண்டுமே தப்பு. அந்தப் பணம் யாருடையது என்று யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லாததால்தான் இரண்டு பேச்சும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நீங்கள் வாங்கப் போவது வங்கியின் பணம். மக்கள் போட்டு வைத்திருக்கிற டெபாசிட்டில் இருந்து வங்கி கொடுக்கிற பணம். சிறு தொழில் கடனுக்காக முத்ரா என்ற பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறதே, அதுகூட நம் யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுக்கிற வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் பின்னாலிருந்து பணம் தருகிற அமைப்பு அது. கொடுப்பதா வேண்டாமா, எவ்வளவு கொடுப்பது, என்ன வட்டி என்பதையெல்லாம் முடிவு செய்வது வங்கிதான். அரசு இதில் மூன்று வேலைகளில் ஏதாவது ஒன்றையோ இரண்டையோ செய்கிறது: பொறுப்பேற்கிறது, மானியம் தருகிறது, வட்டியில் ஒரு பங்கைத் தான் கட்டுகிறது. எந்தத் திட்டத்தின் பெயர் காதில் விழுந்தாலும் "இதில் அரசு செய்வது இந்த மூன்றில் எது?" என்று கேட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பொறுப்பேற்பதை முதலில் பார்ப்போம். வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்பில் இருப்பவரிடமோ ராயபுரத்தில் வாடகைக்கு ஒற்றை அறையில் இருப்பவரிடமோ அடமானம் வைக்கப் பத்திரம் இருக்காது. பத்திரம் இல்லாதவருக்குக் கொடுத்துத் திரும்ப வராமல் போனால் என்ன செய்வது என்று வங்கிக்குப் பயம். அந்தப் பயத்தைக் குறைக்கத்தான் மத்திய அரசு உத்தரவாத நிதி என்று ஒன்றை வைத்திருக்கிறது. கொடுத்த கடன் திரும்ப வராமல் போனால் வங்கியின் நஷ்டத்தில் ஒரு பங்கை அது ஈடுகட்டும். தெரிந்தவர் ஒருவர் அண்ணாச்சி கடைக்குக் கூட வந்து "இவங்களுக்குக் குடுங்க, நான் பொறுப்பு" என்று சொல்வது மாதிரி. அவர் பொறுப்பு சொன்னது அண்ணாச்சிக்கு. நோட்டில் நம் பெயரில் எழுதிய பாக்கி அப்படியேதான் இருக்கும், நாம்தான் கட்ட வேண்டும்.

இதைச் சொன்னால் சிலர் தள்ளுபடியைப் பற்றிக் கேட்பார்கள். 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் மகளிர் குழுக்கள் வாங்கியிருந்த கடனுக்குத் தள்ளுபடி அறிவித்தார்கள், உண்மைதான். அது கூட்டுறவுக் கடனுக்கு, அதுவும் குறிப்பிட்ட தேதி வரை நிலுவையில் இருந்ததற்கு. அதை நம்பி இன்று பொதுத்துறை வங்கியில் வாங்குகிற முத்ரா கடனைக் கட்டாமல் இருந்தால் உங்கள் சிபில், அதாவது கடனை எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவு, கெட்டுப்போகும், அடுத்த கடனுக்கான கதவு வருடக்கணக்கில் சாத்திக்கிடக்கும். தேர்தல் வரப் போகிறது என்று யார் சொன்னாலும் தவணையை நிறுத்தாதீர்கள்.

முத்ரா திட்டம் 2015 ஏப்ரலில் வந்தது. 50,000 ரூபாய் வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ் என்று 2024-ல் ஒரு படி சேர்த்தார்கள். அடமானம் கிடையாது. மானியமும் கிடையாது! இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "முத்ராவில் பாதிப் பணம் கட்ட வேண்டாமாம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் அரசு செய்வது பொறுப்பேற்பது மட்டும். கடன் வாங்கிய கணக்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்களுடையவை என்று அரசுக் கணக்கே சொல்கிறது. ஆள் தெரிந்தால்தான் கிடைக்கும் என்பது எவ்வளவு சரி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மானியத்துக்கு வருவோம். இங்கேதான் கணக்கு கொஞ்சம் சுற்றும், பொறுமையாகப் படியுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்று ஒன்று 2008-லிருந்து நடக்கிறது, ஆபீஸில் பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள். கொருக்குப்பேட்டையில் ஒரு அக்கா, எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு நைட்டியும் உள்பாவாடையும் பீஸ் ரேட்டுக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது தனியாக ஒரு சின்ன யூனிட் போடப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பவர் மெஷின் நாலு, ஓவர்லாக் ஒன்று, கட்டிங் டேபிள், முதல் லாட்டுக்குத் துணி, எல்லாம் சேர்த்து 5 லட்சம். நகரத்தில் தொழில் தொடங்குகிற பெண் என்பதால் அவர் தன் கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம், அதாவது 25,000 ரூபாய். மீதி 4,75,000 வங்கிக் கடன். மானியம் மொத்தத் திட்டச் செலவில் 25 சதவீதம், 1,25,000 ரூபாய்.

அந்த 1,25,000 அக்காவின் கைக்கு வராது. அரசு அதை வங்கிக்கு அனுப்பும், வங்கி அதை அவர் பெயரில் ஒரு டெபாசிட்டாக மூன்று வருடம் பூட்டி வைக்கும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி வராது. அதே அளவு கடனுக்கு வங்கி வட்டி போடவும் கூடாது. ஆக வட்டி ஓடுவது 3,50,000 ரூபாய்க்குத்தான். மூன்று வருடம் கழித்து வந்து பார்ப்பார்கள், தொழில் நடந்துகொண்டிருந்தால் அந்த டெபாசிட்டைக் கடனில் கழித்துவிடுவார்கள். நடுவில் மெஷினை விற்றுவிட்டாலோ யூனிட்டை மூடிவிட்டாலோ மானியம் கைவிட்டுப் போகும். மானியத்துக்காகத் தொழில் தொடங்குகிறவர்கள் இந்த மூன்று வருடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தொழிலுக்காக மானியம் கேட்கிறவர்களுக்கு இது மிக நல்ல திட்டம், நான் மனதாரச் சிபாரிசு செய்வேன்.

இரண்டு விஷயம் விட்டுப்போகக் கூடாது. இந்தத் திட்டம் புதிதாகத் தொடங்குகிற தொழிலுக்குத்தான், ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற யூனிட்டைக் காட்டிக் கேட்டால் கிடைக்காது. அப்புறம், உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேலும் சேவைத் தொழிலில் 5 லட்சத்துக்கு மேலும் போனால் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். அதற்குள் என்றால் படிப்பைக் கேட்க மாட்டார்கள்.

தமிழக அரசும் இதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறது. வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டம் என்று பெயர், யு.ஒய்.இ.ஜி.பி. என்பார்கள். இளைஞர் என்றதும் நமக்கில்லை என்று பெண்கள் நகர்ந்துவிடுகிறார்கள், அப்படி இல்லை, பெண்களுக்கு வயது வரம்பே 55 வரை தளர்த்தியிருக்கிறது. 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 3,75,000 ரூபாய். எட்டாம் வகுப்பு வேண்டும். பட்டியலின, பழங்குடிப் பெண்களாக இருந்தால் 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் பாருங்கள். 35 சதவீத மானியமும் வட்டியில் 6 சதவீதச் சலுகையும் சேர்ந்து வருகிறது, இதைவிடப் பெரிய கை கொடுப்பது வேறெதுவும் இல்லை. தையல், பூ மாலை கட்டுதல், வலை பின்னுதல், அழகுக்கலை மாதிரி கைத்தொழில் தெரிந்த 35 வயது தாண்டியவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம்: 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 மானியம், வட்டியிலும் 5 சதவீதம் குறையும்.

இவை எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் ஆன்லைனில்தான். நேரில் போய்க் கேட்க வேண்டுமென்றால் கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கிற மாவட்டத் தொழில் மைய அலுவலகம். திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். ஒரு முறை நேரில் போய்ப் பேசிவிட்டு அப்புறம் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுங்கள், அதுதான் என் யோசனை. தொழிலின் பெயரை எந்தத் தலைப்பில் போடுவது என்பதிலேயே நிறைய விண்ணப்பங்கள் தட்டிப்போகின்றன.

மூன்றாவது, வட்டியில் பங்கு கட்டுவது. இதற்குச் சரியான உதாரணம் தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது வந்தது. முதல் கடன் அப்போது 10,000 ரூபாய். 2025-ல் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்தபோது அதை 15,000 ஆக்கினார்கள். அதைக் கட்டி முடித்தால் 25,000, அதையும் முடித்தால் 50,000. தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டியை அரசு உங்கள் கணக்கிலேயே போட்டுவிடும். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர், பூக்கட்டி விற்பவர், இட்லிக் கடை, பஜ்ஜிக் கடை, அத்தோ வண்டி போடுகிறவர் எல்லாருக்கும் இது பொருந்தும். மாநகராட்சி கொடுத்த வியாபாரி அடையாள அட்டை வேண்டும். இல்லையென்றால் பரிந்துரைக் கடிதம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அட்டை இருக்கிறதா, கணக்கெடுப்பில் பெயர் ஏறியிருக்கிறதா என்று உங்கள் மண்டல அலுவலகத்தில், ராயபுரமோ தண்டையார்பேட்டையோ திருவொற்றியூரோ, போய் முதலில் பார்த்துவிடுங்கள். அந்த அட்டை கடனுக்கு மட்டும் இல்லை, 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நீங்கள் வியாபாரம் செய்கிற இடத்துக்கும் அதுதான் ஆதாரம்.

15,000 ரூபாய் என்ன பெரிய பணம் என்று தோன்றலாம். தண்டலோடு வைத்துப் பாருங்கள். நம் பக்கம் வழக்கமான கணக்கு என்ன? 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள், ஒரு நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் உங்களிடம் முழுசாக இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. அதையெல்லாம் சேர்த்துப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீத வட்டி. அதே நேரம் முத்ராவில் 50,000 ரூபாயை 12 சதவீத வட்டிக்கு மூன்று வருடத் தவணையில் வாங்கினால் மாதம் 1,660 ரூபாய் சொச்சம். மூன்று வருடத்துக்கும் சேர்த்து வட்டி பத்தாயிரத்துக்குள் அடங்கிவிடும். தண்டலும் மீட்டர் வட்டியும் கந்துவட்டியும் 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டவை என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆனாலும் பெண்கள் ஏன் தண்டல்காரரிடம் போகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. காலையில் கேட்டால் காலையிலேயே வீட்டு வாசலில் பணம், ஒரு காகிதம் கேட்க மாட்டார். வங்கி அந்த வேகத்தில் ஒருநாளும் வராது. அதனால் கஷ்டம் வந்த பிறகு வங்கிக்கு ஓடுவதில் பிரயோஜனம் இல்லை, தொழில் நன்றாக ஓடும்போதே கடனுக்கு எழுதிப் போட வேண்டும்.

எவ்வளவு கேட்பது என்பதை விட எதற்குக் கேட்பது என்பது முக்கியம். மெஷின், ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வண்டி மாதிரி ஒரு முறை வாங்கி வருடக்கணக்கில் உழைக்கிற பொருளுக்குத் தவணைக் கடன். மாதாமாதம் கட்டி முடிப்பது. மீன் வியாபாரத்துக்கு அது சரிப்படாது. விடிகாலையில் ஏலத்தில் பணம் கொடுத்து எடுத்து மதியத்துக்குள் விற்றுப் பணமாக்குகிறவருக்குத் தேவை சுற்றிச் சுற்றி வருகிற முதல். அதற்கு வங்கியில் கேஷ் கிரெடிட், ஓவர்டிராப்ட் என்று இருக்கிறது, முத்ரா கார்டாகவும் கொடுக்கலாம். ஒரு வரம்பு போட்டுக் கொடுப்பார்கள், எடுத்த பணத்துக்கு எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி, திரும்பப் போட்டால் வட்டி நின்றுவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள், வரத்து குறைந்து வியாபாரமே பாதியாகிறபோது நிலையான மாதத் தவணை கழுத்தைப் பிடிக்கும் என்பதையும் மேனேஜரிடம் முதலிலேயே சொல்லுங்கள். "மேடம், எங்க தொழில் இப்படித்தான், அந்த ரெண்டு மாசம் கம்மியாதான் வரும்" என்று சொல்கிறவரை வங்கி நம்பும். தன் தொழிலின் ஏற்ற இறக்கம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்ளும்.

தனியாகப் போக இன்னும் தைரியம் வரவில்லையா? மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய விஷயம் இது. 10 முதல் 20 பேர், மாதாமாதம் கூட்டம், சேமிப்பு, தங்களுக்குள் கடன், எல்லாம் நோட்டில் எழுத்து. ஆறு மாதம் இப்படி ஒழுங்காக நடந்த குழுவுக்கு வங்கி அடமானம் இல்லாமல் கடன் கொடுக்கும். உள்கடனுக்குக் கட்டுகிற வட்டியும் குழுவின் பணமாகவே சேரும். ஆனால் தெருவில் வாரா வாரம் வசூலுக்கு வருகிற தனியார் நிதி நிறுவனங்களின் "குழு லோன்" வேறு, இது வேறு. அதிலும் குழு, இதிலும் குழு என்பதால் பலர் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களது வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தாண்டும். எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டுகிற தவணை குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கிறது. அந்தப் பாதி ஏற்கனவே நிரம்பியிருந்தால் தயவுசெய்து இன்னொன்று வாங்காதீர்கள், யார் வற்புறுத்தினாலும்.

இனி காகிதங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று, போட்டோ. பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ மாற்றப்பட்டு, வியாபாரம் மட்டும் இன்னும் வட சென்னையில் என்று இருப்பவர்கள் ஆதார் முகவரியையும் தொழில் நடக்கிற இடத்தையும் தனித்தனியாக எழுதிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரு கிளை இன்னொரு கிளைக்குக் கைகாட்டிக்கொண்டே இருக்கும். உங்களுடையது சிறு தொழில் என்று அரசிடம் செய்கிற உத்யம் பதிவை ஆதாரை வைத்து இலவசமாகச் செய்யலாம். இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். மெஷின் வாங்குவதாக இருந்தால் ஜி.எஸ்.டி. எண் போட்ட கொட்டேஷன் வேண்டும், வங்கி பெரும்பாலும் கடைக்காரருக்கே நேராகப் பணம் அனுப்பும். சாப்பாடு சம்பந்தமான தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை பதிவு.

இவை எல்லாவற்றையும் விட உங்களுக்கு உதவப் போவது உங்கள் பாஸ்புக். நைட்டி தைத்த கூலி வாராவாரம் கையில் பணமாக வந்து கையிலேயே செலவானால், அந்த வருமானம் வங்கியைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. கடைக்காரரிடம் சொல்லி ஜிபேயில் உங்கள் கணக்குக்கே போடச் சொல்லுங்கள். உங்கள் கணக்குக்கு; கணவர் கணக்குக்கோ மகன் போனுக்கோ இல்லை. தொழில் அம்மாவுடையது, கியூஆர் அட்டை மகனுடையது என்று எத்தனை கடைகளில் பார்க்கிறோம்! வருடம் முழுக்க உழைத்த வரவெல்லாம் மகன் பெயரில் ஏறி, கடன் கேட்கப் போகும்போது அம்மாவின் கணக்கு காலியாக இருக்கிறது. இதை இன்றைக்கே மாற்றலாம், ஒரு ரூபாய் செலவில்லை.

சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். வங்கிக்குப் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தம்பிக்காக உங்கள் பெயரில் வாங்கிய பைக் லோன், பாதியில் விட்ட போன் தவணை எல்லாம் அதில்தான் நிற்கும். முன்பு கடனே வாங்கியதில்லை என்றால் அது குறையில்லை. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்பது வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிற விஷயம். "லோன் வாங்கித் தர்றேன், பத்து பர்சன்ட் குடு" என்று வருகிறவர் யாராக இருந்தாலும், கட்சிக்காரராக இருந்தாலும் சொந்தக்காரராக இருந்தாலும், வேண்டாம். முத்ராவுக்கு ஏஜென்ட் என்று யாரையும் நியமிக்கவில்லை.

வங்கியில் "பத்திரம் இருக்கா, ஹஸ்பண்ட் வரலையா" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால்? குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மரியாதையாக அதைச் சொல்லுங்கள், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குத் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். வாய்வார்த்தையில் கேட்டு வாய்வார்த்தையில் இல்லை என்று சொன்னால் நீங்கள் கேட்டதற்கே தடயம் இருக்காது. எல்லாக் காகிதமும் சரியாக இருந்தால் 25 லட்சம் வரையிலான சிறு தொழில் கடனுக்கு 14 வேலை நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். இல்லை என்றால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். பதிலே இல்லையா, அந்த வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதிவிட்டு 30 நாள் பாருங்கள், அதற்கும் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள், செலவில்லை. அரசுக் கடன் திட்டங்களுக்கான ஜன் சமர்த் இணையதளத்தில் போட்டால் ஒரே விண்ணப்பத்தை வேறு வங்கிகளுக்கும் காட்டலாம். ஒரு கிளை இல்லை என்று சொன்னதை ஊரே சொன்னதாக எடுத்துக்கொண்டு தண்டல்காரருக்குப் போன் போடுவதற்கு முன்னால், எதிர் வரிசையில் இருக்கிற இன்னொரு வங்கிக்குள் அதே பைலோடு போய் உட்காருங்கள்.